களத்தில் பிரித்த பங்கு

6-2-1971, சனி

இன்று களத்தில் நெல் அளந்தார்கள். நானும் அவரும் தரங்கம்பாடியிலிருந்து முதல் பஸ் பிடித்து, காரைக்காலில் மாறி, பேரளத்தில் மாறி, நன்னிலத்தில் இறங்கி வயலுக்கு நடந்தோம். நிலம் கைக்கு வந்தபின் இதுதான் முதல் வெள்ளாமை. என் கழுத்தில் கிடந்தது, கடலில் கிடந்த எங்கள் வள்ளம், எல்லாம் போய் வாங்கிய நிலம். அதனால்தான் பத்திரம் என் பேரில்.

நெல்லைக் கண்டதும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. எங்கள் கரையில் மீன் விற்றதும் செலவைக் கழித்துவிட்டுப் படகுக்குப் பாதி, ஆட்களுக்குப் பாதி. பிறந்ததிலிருந்து அவருக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான். போன ஆடியில் உத்திராபதியிடமும் அவன் மனைவி எல்லையம்மாளிடமும் அதையே சொல்லியிருந்தார். நிலமும் விதையும் எங்களுடையது, உழுது நட்டு அறுத்துத் தாருங்கள், வருவதில் பாதி உங்களுக்கு என்று. பழைய மிராசுதார் இருந்தவரை அதே வயலில் அவர்கள் கூலிக்குத்தான் நின்றார்கள்.

இன்று நெல்லை இரண்டு அம்பாரமாகக் குவித்து, எது வேண்டுமோ நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எல்லையம்மாள் நம்பாமல் என் முகத்தைப் பார்த்தாள். பக்கத்து வயல்காரர்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

காலையில் என்னை "அம்மா" என்ற எல்லையம்மாள், கிளம்பும்போது "வர்றேங்க்கா" என்றாள்.

21-2-1971, ஞாயிறு

சொந்த வள்ளம் வைத்திருந்த மனிதர் இப்போது துரைராசுவின் லாஞ்சில் ஆளோடு ஆளாகப் போகிறார். கொஞ்ச காலம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நிலத்தரகர் வைத்தியலிங்கம் சொன்னது அப்படித்தானே. நிலச்சட்டத்துக்குப் பயந்து மிராசுதார்கள் அரை விலைக்குத் தள்ளுகிறார்கள், வாங்கிப் போடுங்கள், இரண்டு வருஷத்தில் இரட்டிப்பு விலை. விற்றதும் எங்களுக்கும் ஒரு லாஞ்சு. விசைப்படகுகள் வந்தபிறகு சின்ன வள்ளத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வலையை மட்டும் அவர் விற்கவில்லை. நாகப்பட்டினத்தில் வாங்கிய நைலான் வலை. புது லாஞ்சுக்கு வேண்டும் என்று உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இறக்கிப் பொத்தல் பார்க்கிறார். கடலுக்கே போகாத வலையில் எப்படிப் பொத்தல் விழும் என்று கேட்டால், எலி என்கிறார்.

11-4-1971, ஞாயிறு

எழுதினால் மனம் அடங்குமா பார்ப்போம்.

வைத்தியலிங்கம் ஆள் கூட்டிவந்தார். மாயூரத்து ஜவுளிக்கடைக்காரர், காரில் வந்தார். எங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். மண்ணைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார். நாங்கள் நினைத்த விலையைச் சொன்னதற்கு மறுபேச்சு இல்லை. எனக்குள் லாஞ்சின் இன்ஜின் சத்தமே கேட்டுவிட்டது. கடைசியில், யார் சாகுபடி செய்கிறார்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். எல்லையம்மாள் உளுந்துக் கொடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, முகமெல்லாம் மலர, "நாங்கதாங்க. பாதிக்குப் பாதி பங்கு" என்றாள்.

அவ்வளவுதான். கடைக்காரர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு காரைப் பார்த்து நடந்தார். வைத்தியலிங்கம் பின்னாலேயே ஓடிப்போய், வெறுங்கையோடு திரும்பி வந்தார். வந்து என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

"களத்துல வச்சு, ஊரே பாக்க, பாதிப் பங்கு குடுத்தீங்களா? மீன் பங்கு பிரிக்கிற இடமாய்யா இது?"

அப்புறம்தான் விளங்கச் சொன்னார். கூலி வாங்குகிறவன் கூலிக்காரன், போ என்றால் போகவேண்டியதுதான். விளைச்சலில் பங்கு வாங்கிப் பாடுபடுகிறவன் குத்தகைக்காரன். அவனைக் கிளப்ப இப்போது சட்டம் விடாது. அவன் நிற்கிற நிலத்தை எவனும் வாங்கமாட்டான், வாங்கினாலும் தவிட்டு விலைதான். டெல்டாவில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியுமாம் இது.

எங்களுக்குத் தெரியாதே. கடலில் பிறந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? வாங்கும்போது இந்த ஆள் ஒரு வார்த்தை சொன்னாரா?

பஸ்ஸில் அவர் ஒரே ஒரு முறை வாயைத் திறந்தார். "பாடுபட்டவனுக்குப் பங்குதானே குடுத்தேன் சௌந்தரம். தப்பா?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

14-4-1971

வருஷப்பிறப்பு. அடுப்பு மூட்டவில்லை.

3-5-1971, திங்கள்

இன்னொருவர் வந்து பார்த்துவிட்டு, நாங்கள் கொடுத்ததில் பாதி தருவதாகச் சொன்னாராம். அதற்கு வள்ளம்கூட வராது. என் நகையை மறந்தே போகலாம்.

வைத்தியலிங்கம் வீட்டுக்கே வந்து வழி சொன்னார். அந்த ஊரில் குத்தகைப் பதிவு செய்யத் தாலுகா ஆபீஸிலிருந்து வரப்போகிறார்கள். அதிகாரி கேட்டால், இவர்கள் கூலி ஆட்கள்தான், பங்கு கிங்கு எதுவும் கிடையாது என்று நான் சொல்லவேண்டும். பக்கத்து வயல்காரர்கள் சாட்சிக்கு வருவார்கள், அவர்களுக்கும் இந்தப் பங்குப் பழக்கம் பரவுவதில் இஷ்டமில்லை. அதற்கப்புறம் வெளியூர் மாட்டையும் ஆட்களையும் இறக்கி, போலீஸ் காவலோடு உழுதுவிடலாம். போன வாரம் பக்கத்துக் கிராமத்தில் இப்படித்தான் உழுதார்களாம். செங்கொடிக்காரர்கள் மறித்தார்களாம், இரண்டு பேருக்கு மண்டை உடைந்ததாம். ஒரு வைக்கோல் போர் எரிந்ததாம். ஏதோ மழை பெய்த செய்தி மாதிரிச் சொல்கிறார்.

அவர் வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். பத்திரம் அவள் பேரில் இருக்கிறது, அவளைக் கேளுங்கள் என்றார். நல்ல நேரம் பார்த்து என் தலையில் கட்டினார்.

17-5-1971, திங்கள்

மண்டை உடையாமல் முடித்துக்கொள்ளலாம் என்று நானே எல்லையம்மாளைப் பார்க்கப் போனேன். வெறுங்கையோடு போகவேண்டாமே என்று நெத்திலிக் கருவாடு ஒரு பை. அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

தெருவில் எல்லா வீட்டுக் கூரையும் தாழ்வு. அவள் வீட்டில் மட்டும் புதுக் கீற்று. எங்கள் நெல்லில் போட்டது. எங்கள் நெல்லா? அவள் நெல்தான். என்னவோ.

கூலிக்குத்தான் வேலை செய்தோம் என்று அதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல், நிலத்தை விற்றதும் உனக்கு ஏதாவது செய்கிறேன் என்றேன். கருவாட்டுப் பையை அவள் தொடவே இல்லை.

"பங்கு வேணும்னு நாங்க கேக்கலியேக்கா. நீங்களாத்தானே குடுத்தீங்க."

நிலம் விலை போகாவிட்டால் எங்களுக்கு லாஞ்சு இல்லை, கடைசிவரை அடுத்தவன் படகில்தான் என்றேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பிறகு சொன்னாள்: "இத்தினி வருசமா அந்த வயல்ல நிக்கிறோம். இந்தத் தையிலதான் நெல்லு எங்க வீட்டுக்குள்ள மூட்டையா வந்துச்சு. இல்லேன்னு எந்த வாயால சொல்லச் சொல்றீங்க?"

திட்டிவிட்டு வந்தேன். நன்றி கெட்டவள், நடு வீட்டில் உட்காரவைத்தால் வீட்டையே கேட்பாள் என்று என்னென்னவோ. கத்தினேன். அவள் திருப்பி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

20-5-1971

காரைக்கால் போய்க் குடித்துவிட்டு வந்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் இல்லாத பழக்கம். வாசலில் உட்கார்ந்து வலையை இறக்கு, பொத்தல் பார்க்கவேண்டும் என்கிறார். இன்றைக்கு வியாழக்கிழமை.

நான் என்ன செய்வேன்? யார்கிட்ட போய்ச் சொல்வேன்? வள்ளத்தை விக்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லலியே. லாஞ்சுக்காரன் பெண்டாட்டின்னு சொல்லிக்க எனக்கும்தானே ஆசை.

2-6-1971

கருவாட்டுக் கூடையோடு பொறையாறு போய்வந்தேன். பாதி விற்கவில்லை.

28-6-1971, திங்கள்

முடிவு செய்துவிட்டேன். கூலி என்றே சொல்லப்போகிறேன். வெள்ளிக்கிழமை பதிவுக்கு வருகிறார்கள். எல்லையம்மாள் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும், பத்திரம் என்னுடையது, சாட்சி இருக்கிறது. எங்கள் பிழைப்பு எங்களுக்கு.

30-6-1971, புதன்

இன்று அவர் கரையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். முகம் செத்துப்போயிருந்தது. சோற்றைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தபிறகு சொன்னார்.

துரைராசு ஆட்களையெல்லாம் கூட்டி, இனிமேல் லாஞ்சில் பங்கு கிடையாது, தினக்கூலிதான் என்று சொல்லிவிட்டானாம். தலைமுறை தலைமுறையாக இந்தக் கரையில் இல்லாத வழக்கம். ஏன் என்று ஒருவர் கேட்டதற்கு எல்லார் முன்னாலும் இவரைக் காட்டியிருக்கிறான்.

"பங்கு குடுத்து நிலத்தை விட்டவரு இந்தா நிக்கிறாரு. நாளைக்கு எனக்கு லாஞ்சு போவணுமா?"

எல்லாரும் இவரைப் பார்த்தார்களாம். அடிச்சிருந்தாக்கூட வலிச்சிருக்காது என்றார். பாடு நன்றாக இருந்த நாள், வலை கிழியக் கிழிய மீன். கூலியை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். "நாளைக்கும் அந்தக் கூலிக்குத்தான் போவணும் சௌந்தரம்" என்றார். சாப்பிடாமல் கை கழுவினார்.

2-7-1971, வெள்ளி

பஸ்ஸில் உதடு அசையச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கூலிங்க. கூலி ஆளுங்க. வெறும் கூலிதாங்க.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டிருந்தார்கள். வைத்தியலிங்கமும் பக்கத்து வயல்காரர்களும் ஒரு பக்கம். உத்திராபதி துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுவரோரம் நின்றான், எல்லையம்மாள் அவனுக்கு முன்னால். என்னைப் பார்த்தாள், அக்கா என்று கூப்பிடவில்லை. அவர் வாசலோடு நின்றுவிட்டார்.

அதிகாரி சர்வே நம்பரைப் படித்து, இவர்கள் உங்களுக்கு யார் என்று கேட்டார். வைத்தியலிங்கம் கனைத்தார். நான் வாசலைப் பார்த்தேன். முந்தாநாள் கரையில் எப்படி நின்றிருப்பாரோ, அப்படியே நின்றார், தலையைக் குனிந்து.

"பங்குக்காரங்க" என்றேன்.

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். "பங்கா, கூலியா? யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"பங்குதாங்க. பாதிக்குப் பாதி. நாங்கதான் குடுத்தோம்."

வைத்தியலிங்கம் சத்தமாகவே திட்டினார். லாஞ்சு போயிற்று. நகை போயிற்று. தெரிந்துதான் சொன்னேனா? தெரியவில்லை. இப்போது எழுதும்போது பயமாக இருக்கிறது. இந்த வயசுக்குமேல் அவர் இன்னும் எத்தனை நாள் லாஞ்சில் ஏறி இறங்குவார்? என்ன காரியம் செய்துவிட்டேன்?

9-7-1971

ஒரு வாரமாக அவர் என்னோடு பேசவில்லை. கோபமா, வேறெதுவுமா, தெரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

18-7-1971, ஞாயிறு

வலையை இறக்கவில்லை.

5-9-1971, ஞாயிறு

சம்பாவுக்கு நாற்று விட்டாயிற்று என்று எல்லையம்மாள் சொல்லியனுப்பியிருந்தாள். முளைத்ததும் முளைக்காததுமாக ஆடுகள் இறங்கி மேய்ந்துவிடுகின்றனவாம், முள் வெட்டிப் போட்டும் நிற்கவில்லையாம். அவரிடம் சொன்னேன்.

இன்று காலையில் ஏணி வைத்து ஏறி வலையை அவிழ்த்தார். பொத்தல் பார்க்கப்போகிறார் என்று நினைத்தேன். வாசலில் விரித்து, அரிவாள்மணையைக் கொண்டுவரச் சொன்னார். நீளவாட்டில் அறுத்தார். வலை பெரியது, நேரம் பிடித்தது. ஒரு முனையை நான் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அறுத்து முடித்து, சுருட்டி, பஸ்ஸில் மேலே ஏற்றினோம்.

நாற்றங்காலைச் சுற்றி உத்திராபதி குச்சி நட்டுக்கொண்டே போனான். பின்னால் இவர் வலையைக் கட்டிக்கொண்டே போனார். அந்த முடிச்சு அங்கே யாருக்கும் வராது. எல்லையம்மாள் என் பக்கத்தில் வந்து நின்று, நல்ல வலையாச்சேக்கா என்றாள். ஆமாம் என்றேன்.

ஆடுகள் வந்து பார்த்துவிட்டு வரப்போடு போய்விட்டன.