வியாழக்கிழமை கேட்ட விதைநெல்

ரங்கத்,
பராபவ வருஷம் தை 7, வெள்ளிக்கிழமை

சிரஞ்சீவி பக்தவத்சலத்துக்கும் சௌபாக்கியவதி சந்திரமதிக்கும் அம்மா ஆசீர்வாதம். இங்கே நானும் உன் அப்பாவும் காளை இரண்டும் பசுவும் கன்றும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். பொன்மலையில் நீங்கள் இருவரும் அதேபோல் இருக்க வேண்டுமென்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். குவார்ட்டர்ஸ் காலியாகவே கிடக்கிறது, தை பிறந்ததும் கப்பலுக்குச் சொல்லட்டுமா என்று நீ மூன்று கடிதம் போட்டுவிட்டாய். நான் நடுவில் இரண்டு கார்டு போட்டும் அந்தப் பேச்சைத் தொடாமல் மழுப்பினேன். உனக்குக் கோபம் இருக்கும், நியாயந்தான். இன்று எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன், அவசரப்படாமல் உட்கார்ந்து படி.

முதலில் நல்ல சமாச்சாரம். அறுத்து அடித்துத் தூற்றி நெல் வீட்டுக்குள் வந்துவிட்டது. அடுத்த அறுப்புவரை எங்கள் இருவருக்கும், விதைக்கும், வந்தவர் போனவருக்கும் தாராளமாகக் காணும். கப்பல் வந்ததா, ரேஷன் அரிசி இறங்கியதா என்று யாரையும் விசாரிக்காமல் இந்தத் தீவுக்கு வந்த ஏழு வருஷத்தில் முதல் தடவையாகப் பொங்கல் வைத்தோம், பானை பொங்கும்போது உன் அப்பா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார், புகை என்று சொன்னார். அவருடைய பிடிவாதம் உனக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒரு சாமானைக் கடையில் வாங்குவதை நிறுத்த வேண்டும் என்பது அவர் கணக்கு. முதலில் மிளகாய், பிறகு தேங்காயெண்ணெய், அப்புறம் உப்பு. மாசி பங்குனி வெயிலில் கடல் தண்ணீரை அரை டிரம்மில் ஊற்றிக் காய்ச்சினார், முதல் உப்பு கசந்து வழிந்தது, அதைப் போட்டு வைத்த குழம்பை முகம் சுளிக்காமல் சாப்பிட்டவர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான், அவர் காய்ச்சியதல்லவா. இப்போது நல்ல உப்பாகவே வருகிறது. மேட்டில் மரவள்ளியும் சேனையும் வாழையும் இருக்கின்றன, மானுக்குப் பயந்து மூங்கிலும் பிரம்பும் வைத்துச் சுற்றிலும் வேலி போட்டிருக்கிறோம், அதையும் தாண்டிக் குதிக்கிற மான் ஒன்று இருக்கிறது, அதற்கு நம் வீட்டுத் தட்டைப்பயற்றின்மேல்தான் கண்.

போன வருஷத்து முறை விதைநெல். வருஷா வருஷம் சர்க்கார் டிப்போவில் வாங்குவோமே, அதற்கும் இனிமேல் யார் வாசலிலும் நிற்கக்கூடாது என்று சொல்லி, புதுக்கோட்டைப் பக்கம் கட்டுவதுபோலவே வைக்கோல் பிரி சுற்றிச் சாணி மெழுகி மூன்று கோட்டை கட்டி மூலையில் வைத்தார். ஊரில் மழை எப்போது வரும் என்று வானத்தைப் பார்த்துக் கிடந்தவர்கள் நாம். இங்கே வைகாசியில் பிடித்தால் எட்டு மாதம் விடாது, சுவரில் சாய்த்த துடைப்பம்கூடப் பூசணம் பூக்கும். அது எங்கள் இருவர் புத்திக்கும் எட்டவில்லை. ஆனி பிறந்து நாற்றுக்கு ஊறப்போடலாம் என்று கோட்டையைப் பிரித்தால் பாதி முளைத்துக் கிடக்கிறது, மீதி கறுத்து நாறுகிறது. டிப்போவுக்கு ஓடினார், விதை தீர்ந்து பத்து நாளாயிற்று என்றார்கள். அன்று அவர் சாப்பிடவில்லை. விதைக்காவிட்டால் ஒரு வருஷம் போச்சு, மறுபடி ரேஷன் க்யூ, மறுபடி அரைவயிறு. என்னால் இன்னொரு வருஷம் அப்படி முடியாது என்று எனக்குத் தோன்றிவிட்டது.

பக்கத்து நிலத்தில் மண்டல் என்று ஒரு வங்காளிக் குடும்பம் இருக்கிறது, முன்பு வேறு கிராமத்தில் இருந்துவிட்டு அதற்கு முந்தின தையில்தான் இங்கே வந்தார்கள். அந்த அம்மாளை நான் தீதி என்பேன், அவளும் என்னைத் தீதி என்பாள், இருவரும் ஒருவருக்கொருவர் அக்கா. அவளிடம் விதை இருக்கிறது என்று கேள்விப்பட்டு மறுநாள் மழையோடு மழையாக நடந்து போய் வாய்விட்டுக் கேட்டேன். நான் யாரிடமும் போய்க் கேட்கிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். அவள் உள்ளே பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஆஜ் நஹீ தீதி, ஆஜ் நஹீ என்றாள். இன்றைக்கு இல்லை என்று அர்த்தம். மூலையிலிருந்த சாமி படத்தைக் காட்டிக் கைகூப்பி இன்னும் ஏதோ சொன்னாள். எனக்கு அப்போது தெரிந்த இந்தி மீன் வாங்குகிற அளவுக்குத்தான், அவளுடைய இந்தியும் அவ்வளவுதான், போதாததற்கு எனக்குக் கோபத்தில் காது அடைத்துப்போயிற்று. அவளுடைய அடுப்புக்கு மேலே, புகையில் கருத்துப்போன கூடைகள் உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. அத்தனையும் விதைநெல். கண்ணெதிரே வைத்துக்கொண்டு இல்லை என்கிறாளே என்று வயிறு எரிய வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியை இழுத்து என் சேலைகளை அடுக்கினேன். அன்று மத்தியானம் உட்கார்ந்து எழுதியதுதான் உனக்கு வந்த கடிதம். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், நீயாகவே கூப்பிடுகிற மாதிரி எழுது, எங்களை எப்படியாவது இங்கிருந்து அழைத்துக்கொள் என்று எழுதினேனே, அது. லாஞ்சு கிளம்புகிற நாளாக வேறு இருந்தது, தபால் பையில் சேர்த்துவிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வாசல் தெளிக்கக் கதவைத் திறக்கிறேன், மண்டல் தீதி முக்காட்டோடு நிற்கிறாள், இடுப்பில் ஒரு கூடை, பின்னால் அவள் புருஷன் தலையில் இரண்டு. அத்தனையும் விதை. உன் அப்பாவுக்கு இந்தி நன்றாகப் பழகிவிட்டதல்லவா, அவர்தான் விவரம் கேட்டுச் சொன்னார். அவர்களுக்கு வியாழக்கிழமை லட்சுமி கும்பிடுகிற நாளாம், அன்றைக்கு வீட்டிலிருந்து நெல்லோ அரிசியோ வெளியே போகாதாம். விடியட்டும் என்று காத்திருந்து முதல் காரியமாகக் கொண்டுவந்திருக்கிறாள். எனக்குத் தலை நிமிரவில்லை. ஏன் தெரியுமா, அதற்கு இரண்டு மாதம் முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த நேரத்தில் அவள் ஒரு பிடி உப்புக் கேட்டு வந்தாள். வெள்ளியும் அதுவுமாக உப்பைத் தூக்கிக் கொடுப்பேனா, இல்லை என்று கையை விரித்துவிட்டேன். காரணம் சொல்லவுமில்லை. அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டு மறுநாள் காலையில் மறுபடி வந்து வாங்கிக்கொண்டு போனாள். அவளுக்குப் புரிந்திருக்கிறது. அவள் செய்ததும் நான் செய்ததும் ஒன்றுதான், பெட்டி கட்டியது மட்டும் நான்.

அந்த விதையில் விளைந்ததுதான் இன்று வீட்டில் இருக்கிற நெல் முழுவதும். அந்தப் புண்ணியவதியை நினைக்காமல் நான் ஒரு வாய் சாப்பிடுவதில்லை. வாங்கிய மாதிரியே மூன்று கூடை விதை திருப்பிக் கொடுத்தோம், புதன்கிழமையாகப் பார்த்து. இந்தத் தடவை எங்கள் விதையும் அடுப்புக்கு மேலேதான் தொங்குகிறது, கூடை முடையவும் அவளே கற்றுக்கொடுத்தாள்.

ஆனால் தபால் பையில் போட்டதைத் திரும்ப எடுக்க முடியுமா. ஆவணியில் உன் பதில் வந்தது. உன் அப்பா இரண்டு தடவை படித்தார், மடித்தார், அறுப்பு முடியட்டும் நீலா, நீ போகலாம்னா போகலாம், இருக்கலாம்னா இருக்கலாம், நான் ஒண்ணும் சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் களையெடுக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு அஞ்சு மாதம் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, என்னைத்தான் அரித்துத் தின்றது. போகி அன்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், நான்தான் உன்னை எழுதச் சொன்னேன் என்று. அவர் மண்வெட்டிக்கு ஆப்பு அடித்துக்கொண்டிருந்தார், நிமிரக்கூட இல்லை. தெரியும், அவனுக்கு எங்கே இந்தப் பூசணம் பிடிச்ச துடைப்பமெல்லாம் தெரியப்போவுது என்றார். நான் துடைப்பத்தைப் பற்றி எழுதியதை நீயும் உன் பதிலில் அப்படியே காப்பி அடித்து எழுதியிருக்கிறாயே, கெட்டிக்காரன்தான். அஞ்சு மாதமாகத் தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்றேன். உனக்கு இங்க கஷ்டம்னு எனக்குத் தெரியாதா, அதான் கேக்கலை என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, எதற்கென்று தெரியவில்லை.

ஆகையால் வத்சலா, நாங்கள் வரவில்லை. குவார்ட்டர்ஸ் உங்களுக்கே இருக்கட்டும், ஆபீசில் யாரிடமாவது எங்கள் பெயரைச் சொல்லி வைத்திருந்தால் பதமாகப் பேசிக்கொள். நீ கூப்பிட்டாயே, அதுவே எனக்குப் போதும், பெற்ற வயிறு குளிர்ந்தது. நினைத்தாலும் இப்போது கிளம்ப முடியாது, டிரங்குப் பெட்டியில் கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. உங்களை வந்து பார்க்க மட்டும் சித்திரை கழிந்து ஒரு மாதம் வர முடியுமா என்று அப்பாவிடம் சொல்லிப் பார்க்கிறேன், மாட்டை யாரிடம் விடுவது என்பார். இனி அரிசி, மிளகாய் அனுப்பாதே. இங்கே எப்படியும் விளையாத துவரம்பருப்பும் பெருங்காயமும் வெந்தயமும் மட்டும் யாராவது வந்தால் கொடுத்துவிடு. சந்திரமதியை ராத்திரி ஷிப்ட் நாளில் தனியாக விடாதே, அவள் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு இருக்கிறாளாமே, உலர்த்தச் சொல்.

ரங்கத் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் ஜெய்னுதீன் மெட்ராசுக்குப் போகிறார், உனக்கென்று நம் நெல்லைக் குத்தி ஒரு சின்ன மூட்டை அரிசி கட்டி வைத்திருக்கிறேன், அவர் உறவுக்காரர் திருச்சிக்குக் கொண்டுவந்து தருவார். சிவப்பாக இருக்கும், கூடுதலாகத் தண்ணீர் வைத்து வேகவிட வேண்டும். இன்று காலை அவர் மூட்டைக்கு வந்தார். நான் வாசலிலேயே நிறுத்தி, தம்பி, எங்க வீட்டுல வெள்ளிக்கிழமை அரிசி வெளிய போகாது, லட்சுமிக்கு உகந்த நாளு, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க, நாளைக்கு வாங்க என்று காரணத்தோடு சொன்னேன். அதனால என்னக்கா, எனக்கும் இன்னிக்கு ஜும்மா, கடையே திறக்கலை என்று சிரித்துவிட்டு மோர் குடித்துப் போனார். நாளைக்குக் காலையில் முதல் காரியமாக அவரிடம் கொடுப்பேன்.

நெல்லும் பிள்ளைகளுமாக உங்கள் வீடு நிறையட்டும். அரிசி கிடைத்ததும் ஒரு கார்டு போட மறக்காதே, அப்பா கேட்கமாட்டார், ஆனால் லாஞ்சு வருகிற நாளெல்லாம் எதிர்பார்ப்பார்.

என்றும் உன் நலம் நாடும்
அம்மா
ஜ. நீலாவதி