நான் சொன்ன ஆமாங்க

நெருப்பெரிச்சல், திருப்பூர்
12.6.2024

அன்புத் தம்பி அருள்செல்வனுக்கு,

அக்கா ஞானக்கனி எழுதுவது. நானும் பிள்ளைகளும் சுகம். போனில் பேசினால் நான் ரெண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ ஜெபத்தை ஆரம்பித்துவிடுவாய். பாஸ்டர் ஆனதிலிருந்து உன்னோடு இதே தொல்லை. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கண்ணை மூடு.

எங்கள் பனியன் கம்பெனியில் தரணி என்று ஒரு பெண், மடத்துக்குளத்துக்காரி. நான் செக்கிங் பார்க்கிற மேஜைக்கு எதிரேதான் அவள் தையல் மிஷின். சூப்பர்வைசர் அவள்மேல் வேண்டுமென்றே கை வைத்தான். என் கண்ணால் பார்த்தேன். அவள் புகார் கொடுத்தாள், என்னைச் சாட்சியாகச் சொன்னாள்.

எச்.ஆர். மேடம் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து மரியாதையாகத்தான் பேசினார். “நெருக்கடியான எடமுங்க. போறப்ப வாரப்ப கை பட்டிருக்குமுங்க. சின்னப் புள்ள, தப்பா நெனச்சுட்டாளாட்ட இருக்குதுங்க.” ஒவ்வொன்றுக்கும் நான் “ஆமாங்க, ஆமாங்க” என்று தலையாட்டினேன். இந்த ஊரில் ஆமாங்க என்றால் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்க’ என்று அர்த்தம். இருந்து இருந்து எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. அவர் முடிக்கட்டும், அப்புறம் பார்த்ததைச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். முடித்ததும் பேனாவை மூடிவிட்டார். “அப்பச் சாட்சியும் ஒத்துக்கிட்டீங்க, சரிங்க” என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பொய்ப் புகார் என்று தரணியை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை, அதற்கு மேல் பேச்சு வேண்டாம் என்றுதானே ஆண்டவர் சொன்னார்? அவர் இந்தப் பக்கம் வந்ததில்லை போலிருக்கிறது. இங்கே ஆமாவுக்குப் பின்னால் வருகிற ‘ங்க’வை எதில் சேர்ப்பது? சிரிக்காதே. நான் என்ன செய்யட்டும்?

உன் அக்கா,
ஞானக்கனி

சாயர்புரம்
17.6.2024

கிறிஸ்துவுக்குள் பிரியமான அக்காவுக்கு,

கண்ணைத் திறந்துவைத்தே கடைசி வரி வரைக்கும் படித்தேன். ஊர்க் கோயில் அசன விருந்துக்கு நீ வரவில்லை என்று அம்மா இன்னும் முகத்தைத் தூக்கிவைத்திருக்கிறாள். அவளுக்கும் ஒரு வரி எழுது.

நீ நினைத்துச் சொன்ன பொய் அல்ல அது. ஆனால் தெரிந்த பிறகும் பேசாமல் இருந்தால் பொய்யாகிவிடும். நேரே போ. பார்த்ததைச் சொல். வேலையைப் பற்றிப் பயப்படாதே.

வரும் ஞாயிறு இதைத்தான் பிரசங்கம் பண்ணப்போகிறேன். வேதம் இந்தக் காலத்துக்கு உதவுமா என்று கேட்கிற இளவட்டங்களுக்கு உன்னைத்தான் காட்டப்போகிறேன். உனக்கு ஜெயம் கிடைத்துவிட்டது என்று விசுவாசித்து இப்போதே ஸ்தோத்திரம் சொல்லுகிறேன்.

உன் தம்பி,
அருள்செல்வன்

நெருப்பெரிச்சல்
25.6.2024

தம்பி அருளுக்கு,

போனேன். மேடம் எனக்குக் காபி வரவழைத்தார். “ஏனுங்கக்கா, அன்னைக்கு ஆமாங்கன்னீங்க, இன்னைக்கு இல்லீங்கன்னு சொல்றீங்க. நாங்க எதைங்க எடுத்துக்கறது? முடிஞ்சு போச்சுங்க, விட்டுருங்க” என்றார். திட்டியிருந்தாலாவது திருப்பிப் பேசியிருப்பேன். மறுநாள் என்னைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகாமல் மடத்துக்குளத்துக்குப் பஸ் ஏறினேன். தரணியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். “நீங்க என்னங்கக்கா பண்ணுவீங்க” என்று மோர் கொண்டுவந்து கொடுத்தாள். “என்னை மன்னிச்சிட்டியா கண்ணு?” என்று கேட்டேன். “ஆமாங்க” என்றாள்.

மன்னித்துவிட்டாளா, நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாளா, எனக்குத் தெரியவில்லை அருள். இன்னொரு தரம் கேட்காமலே பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். அவளுக்குப் பேசியிருந்த சம்பந்தம் நின்றுபோனதை அவள் அம்மா பஸ் ஸ்டாப்பில் வைத்துச் சொன்னார்.

திரும்புகிற பஸ்ஸில்தான் நீ போனில் அனுப்பின பிரசங்கத்தைக் கேட்டேன். அதில் நான் நிமிர்ந்து நின்று சாட்சி சொல்லுகிறேன். தரணி வேலைக்குத் திரும்புகிறாள். சூப்பர்வைசர் அழுது மன்னிப்புக் கேட்கிறான். உன் சபை கை தட்டுகிறது. ஏலே, நடக்கும் என்று நம்புவது வேறு, நடந்தது என்று சொல்லுவது வேறு. நானாவது பழக்கதோஷத்தில் சொன்னேன். நீ மைக்கைப் பிடித்துச் சொல்லியிருக்கிறாய். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அடுத்த ஞாயிறே எழுந்து, அப்படி நடக்கவில்லை என்று சொல்.

ஞானக்கனி

சாயர்புரம்
1.7.2024

அக்கா,

போனை எடுத்து எடுத்து வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

நேற்று சொல்லிவிட்டேன். அக்கா காரியத்தில் ஜெயம் வரவில்லை, நான்தான் முந்திக்கொண்டேன் என்றேன். யாரும் என்னைக் கோபிக்கவில்லை. பின்வரிசையில் இருந்த நதியா மட்டும் எழுந்து வெளியே போனாள். பக்கத்து நூல் மில்லில் வேலை பார்க்கிற பிள்ளை.

ஆராதனை முடிந்ததும் அவள் அப்பா வந்தார். “ஐயா, ஒங்க அக்கா சாட்சியக் கேட்டுட்டுத்தான் எம்மவ தைரியமா மேஸ்திரி மேல புகார் எழுதிக் குடுத்தா. வியாழக்கிழம விசாரண. கூட வேல பாக்கவளச் சாட்சின்னு சொல்லியிருக்கா. இப்பம் என்ன செய்ய?” என்றார். ஜெபம் பண்ணுவோம் என்றேன். “பண்ணுங்கய்யா. பண்ணிட்டு என்ன செய்யன்னும் சொல்லுங்க” என்றார்.

புகாரைத் திரும்ப வாங்கு என்று சொன்னால் அந்த மேஸ்திரிக்கு நானே துணைபோனது ஆகும். உறுதியாய் நில் என்று சொன்னால் தரணிக்கு வந்தது இவளுக்கும் வரும். இத்தனை வருஷமாகப் படித்ததில் ஒரு வசனமும் எனக்கு வாயில் வரவில்லை. இன்று சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நான் அந்தப் பிள்ளையிடம் ஏதோ ஒன்று சொல்லி அனுப்பியிருப்பேன். என்ன சொன்னேன் என்று மட்டும் என்னிடம் கேட்காதே, அக்கா.

அருள்