வரிக்கு முன்னால் விட்ட இடம்

மார்ச் 3, செவ்வாய்

மாலைப் பிரார்த்தனை முடித்து எழுந்ததும் நாத்தனாரிடமிருந்து போன். அவளுடைய பிசியோதெரபி கிளினிக்கிலிருந்து நோயாளிகளுக்குப் போக வேண்டிய நினைவூட்டு மெயில் நேற்று மாலையிலிருந்து ஒன்றுகூடப் போகவில்லையாம். இன்று நான்கு பேர் வரவில்லை.

அந்த மெயில்களை அனுப்பும் சர்வரை இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொள்வது நான். மென்பொருளும் இலவசம், கையேடும் இலவசம். படித்துப் படித்துக் கற்றுக்கொண்டேன்.

நேற்று மதியம் செட்டிங் ஃபைலைத் திறந்தது உண்மை. ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஒழுங்குபடுத்தினேன், அவ்வளவுதான்.

மார்ச் 4

போகாத மெயில்களை நோட்டில் குறித்துக்கொண்டு இருபத்திரண்டு பேருக்கும் நானே போன் செய்தேன். பிறகு நாத்தனார் நேரில் வந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. மாசக் கடைசியில ஒரு டெக்னீஷியனை வரச் சொல்லியிருக்கேன். அவர் பாத்து சரியில்லேன்னா அவர்கிட்டயே கொடுத்துடலாம்."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். முகத்தில் காட்டவில்லை. அடுப்படிக்கு வெளியே என்னுடையது என்று இருப்பது இந்த ஒரு வேலை.

மார்ச் 5

கண்ணை மூடிக் கும்பிட்டாலும் அந்த ஃபைல்தான் தெரிகிறது. மன்னிக்க வேண்டும்.

மார்ச் 6, வெள்ளி

கிடைத்துவிட்டது!

பருப்பில் கல் பொறுக்குவது போல ஒவ்வொரு வரியாக எடுத்துப் பார்த்தேன். என் நோட்டில் தலைப்பை ஓரத்தில் எழுதி, அதற்குக் கீழே வருவதைச் சற்று உள்ளே தள்ளி எழுதுவது என் வழக்கம். ஃபைலையும் அப்படியே அழகுபடுத்தியிருக்கிறேன். இந்த சர்வருக்கோ, இடம் விட்டுத் தொடங்கும் வரி தனி வரியே இல்லை, மேல்வரியின் வால். கிளினிக்கின் மெயில் முகவரி அப்படித்தான் மேல்வரிக்குள் போய்விட்டது.

இடத்தை நீக்கினேன். பத்து நாற்பதுக்கு மெயில் போயிற்று.

கையேட்டில் இது இல்லாமல் இல்லை. வேறொரு பக்கத்தின் அடியில் அரை வாக்கியம். தேவைப்படுகிற இடத்தில் இல்லை.

மார்ச் 7

இணையத்தில் இருக்கிற அந்தக் கையேட்டுக்கு யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். வரிக்கு முன்னால் இடம் விட்டால் என்ன ஆகும் என்று இரண்டு வாக்கியம் எழுதி அனுப்பினேன். "உனக்கெதுக்கு ஊர் வம்பு?" என்றார் இவர். ஆனால் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு தரம் படித்தும் பார்த்தார்.

மார்ச் 11

கையேட்டைப் பராமரிப்பவரிடமிருந்து பதில். இது எல்லோருக்கும் தெரிந்தது, அங்கே யார் இடம் விடப்போகிறார்கள், தேவையில்லை — என்று என் திருத்தத்தைத் தள்ளிவிட்டார்.

யாரு விடுவாங்களாம்? நான் விட்டேனே! எல்லாம் தெரிஞ்சவனுக்கு எதுக்குக் கையேடு?

மார்ச் 13

கோபத்தில் பதில் எழுதக் கூடாது என்று நேற்று முழுக்க கம்ப்யூட்டரையே திறக்கவில்லை. இன்று அவர்களுடைய கேள்வி-பதில் பக்கங்களை மூன்று வருஷத்துக்குப் பின்னோக்கிப் பார்த்தேன். இதே தவறில் பத்தொன்பது பேர் மாட்டியிருக்கிறார்கள். தேதி, கேள்வி, எத்தனை நாள் திண்டாடினார்கள் — எல்லாவற்றையும் பட்டியல் போட்டு அனுப்பினேன். இருபதாவதாக என்னையும் சேர்த்தேன்.

மார்ச் 20

என் இரண்டு வாக்கியத்தையும் கையேட்டில் சேர்த்துக்கொண்டார்கள். "பட்டியலுக்கு நன்றி" என்று ஒரே வரி. ஆண்டவன் கருணை.

மார்ச் 30, திங்கள்

டெக்னீஷியன் வந்தார். கிளினிக்கில் நாத்தனார் அவர் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள். நான் ஓரமாக. கால் மணி நேரம் ஃபைலை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார் மனிதர்.

பிறகு, "சுத்தமா இருக்கு. இதுல நான் செய்ய ஒண்ணுமில்ல" என்றார். என் பக்கம் திரும்பி, "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்கம்மா. வரிக்கு முன்னால இடம் விட்டுடாதீங்க. கையேட்டுலயே போட்டிருக்கான் பாருங்க, புதுசா கத்துக்கிறவங்களுக்குன்னே எழுதின மாதிரி" என்று திரையில் காட்டினார்.

குனிந்து பார்த்தேன். "நல்லா எழுதியிருக்காங்க" என்றேன்.

"அப்ப பாஸ்வேர்டு அண்ணிகிட்டயே இருக்கட்டும்" என்றாள் நாத்தனார்.

இரண்டாவது வாக்கியத்தின் முடிவில் முற்றுப்புள்ளி இல்லை. நான் விட்டதுதான். வீட்டுக்கு வந்ததும் திருத்தம் அனுப்பினேன்.