தெத்துப்பல்லன் எத்தனை முறை சாவான்

நவம்பர் 5, புதன்

வாங்க, உக்காருங்க. நல்லா இருக்கீகளா? வீட்டுல எல்லாரும் சுகந்தானே? உங்க பக்கம் மழை எப்படி?

எதிரே ஒரு ஆள் இல்லாவிட்டால் எனக்குப் பேச்சு வராது. எழுத்தும் அப்படித்தான் போலிருக்கிறது. அதனால் நீங்கள் யாரென்று தெரியாமலே உங்களை உட்கார வைத்துவிட்டேன்.

இந்த டைரி, ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பியூலா கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஏதோ மாத்திரையின் பெயர் போட்டிருக்கிறது. "ஐயா, அம்மா தினம் எம்புட்டுத் தண்ணி குடிக்காங்க, கால் வீங்குதான்னு மட்டும் இதுல எழுதிட்டு வாங்க" என்றாள். என்னைப் படித்தவன் என்று நினைத்துவிட்டாள். நான் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன். எழுத்துப் படித்ததெல்லாம் சினிமா போஸ்டரில். வாலிப வயதில் வில்லிபுத்தூர் தியேட்டருக்குப் போஸ்டர் ஒட்டுவேன். பசை வாளியை சைக்கிளில் மாட்டிக்கொண்டு மகாராஜபுரம், வ. புதுப்பட்டி எல்லாம் சுற்றி வருவேன். மறுநாள் போனால் பாதிப் போஸ்டரை மாடு தின்றிருக்கும். மீதி எழுத்தை வைத்து முழுசையும் நானே ஊகித்துக்கொள்வேன். கதை சொல்கிற புத்தி எனக்கு அங்கேதான் வந்தது. அந்த மாடுகளில் ஒன்று, கொம்பு வளைந்த செவலை—

பாருங்கள், எங்கேயோ போய்விட்டேன். என் வீட்டுக்காரி பரிபூரணத்துக்கு ரெண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் ராஜபாளையத்தில் மிஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ண வேண்டும். மகாராஜபுரத்திலிருந்து வில்லிபுத்தூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். நேற்று திரும்பி வரும்போது வழியெல்லாம் வாயைத் திறக்காமல் வந்தாள். வில்லிபுத்தூருக்கு முந்தின மடவார்வளாகம் வந்ததும் சொன்னாள்: "மச்சான், இனிமே என்னைய அங்க கூட்டிட்டுப் போகாதீக. போதும்."

தண்ணீர் ரெண்டு டம்ளர். காலில் வீக்கம் இல்லை.

நவம்பர் 6, வியாழன்

தண்ணீர் ஒன்றரை டம்ளர். அலுப்பில் சொல்லியிருப்பாள். அப்படித்தானே?

நவம்பர் 7, வெள்ளி

பஸ் வந்தது, போனது. அவள் எழுந்திருக்கவில்லை.

கெஞ்சினேன், திட்டினேன். திருப்பூரில் இருக்கிற மகள் முனீஸ்வரியைப் போனில் அழச் சொன்னேன். அவளும் அழுதாள். இவள் போனை என்னிடமே நீட்டிவிட்டாள்.

"ஏட்டி, மிஷின்ல போடலன்னா செத்துருவ."

"போட்டாலுந்தான் சாகுறேன். கை காலெல்லாம் சுருட்டி இழுத்து, கண்ணு இருட்டி, பொறவு எந்திரிச்சு பஸ்ஸுல வாரேன். அந்தத் தெத்துப்பல்லன் மாதிரி. எத்தன தடவதான் மச்சான் சாக?"



தெத்துப்பல்லன் யாரென்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். பழைய கத்திச்சண்டைப் படம் பார்த்திருக்கிறீர்களா? 'முகமூடிச் சிற்றரசன்' என்று ஒன்று. நான் தொட்டிலில் கிடந்தபோது எடுத்த படம். நான் போஸ்டர் ஒட்டிய காலத்தில் மறுபடி மறுபடி ஓட்டித் தேய்ந்து, வெயில் அடிக்கிற காட்சியிலும் திரையில் கோடு கோடாக மழை பெய்யும். கையில் காசு இல்லாமல் எடுத்தது. ரெண்டு ராஜாவுக்கும் ஒரே அரண்மனை, திரைச்சீலையை மட்டும் மாற்றிப் போடுவார்கள். இருப்பது ரெண்டு குதிரை. அதையே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விரட்டிப் பெரிய படை என்பார்கள். அருவி துணியில் வரைந்தது, காற்றடித்தால் அருவியே மடங்கும். சிப்பாய்களும் கொஞ்சம் பேர்தான். ஒரு சண்டையில் செத்தவன் அடுத்த சண்டையில் மீசை வைத்துக்கொண்டு வருவான். மீசையை மாற்றலாம், பல்லை மாற்ற முடியுமா? ஒருத்தனுக்குத் தெத்துப்பல். கோட்டைச் சுவரிலிருந்து விழுந்து செத்தான். அகழியில் முங்கிச் செத்தான். குதிரை மிதித்தும் செத்தான். மறுபடி ஈட்டியோடு வந்து நின்றபோது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "ஏய், இவன் இப்பத்தானய்யா செத்தான்!"

தியேட்டரே சிரித்தது. எங்கள் வ. புதுப்பட்டி மாமன் மகள் பரிபூரணம் அது. சின்னதிலிருந்து பார்த்தவள்தான், ஆனால் அந்தக் குரலை அன்றைக்குத்தான் கேட்டேன். கட்டினால் இவளைத்தான் என்று வீட்டில் நின்றேன்.

அந்தக் குரல்தான் இன்றைக்கு, "போதும்" என்கிறது.

நவம்பர் 8, சனி

கால் வீங்கிவிட்டது. விரலால் அமுக்கினால் குழி அப்படியே நிற்கிறது.

நவம்பர் 10, திங்கள்

படுக்க முடியவில்லை அவளுக்கு. சுவரில் சாய்ந்தே இருக்கிறாள். வேறென்ன செய்ய? எனக்குத் தெரிந்ததைச் செய்தேன், கதை சொன்னேன். அதே படம்தான்.

அந்தப் படத்தின் முடிவு எனக்குத் தெரியாது. வில்லிபுத்தூரில் அன்றைக்குப் பார்த்த யாருக்குமே தெரியாது. ரெண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே படப்பெட்டிதான் வரும். ராஜபாளையத்தில் முதலில் ஆட்டத்தை ஆரம்பிப்பார்கள். அங்கே ஓடி முடிந்த ரீலை ஒருத்தன் சைக்கிளில் வைத்து இங்கே கொண்டுவருவான். அன்றைக்கு அடித்த மழையில் நடுவழி ஓடை பெருகிவிட்டது. கடைசி ரீல் வரவில்லை. விளக்கைப் போட்டுவிட்டார்கள். நாங்கள் பெஞ்சை உடைத்தோம். மறுநாள் பெட்டி சங்கரன்கோவிலுக்குப் போய்விட்டது. முனீஸ்வரி போனில் தேடாத இடமில்லை. "அப்படி ஒரு படமே இல்லப்பா" என்கிறாள்.

வருஷக்கணக்காக விதவிதமாக முடிவு கட்டி டீக்கடையில் சொல்லியிருக்கிறேன். எல்லாம் கதாநாயகனுக்கு. இன்றைக்கும் அவனைச் சிம்மாசனத்தில் ஏற்றினேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்: "அவன் கெடக்கான். பல்லன் என்ன ஆனான்?"

தெரியலையே தாயி. எனக்குத் தெரியலையே.

நவம்பர் 11, செவ்வாய்

விடியும்போது உதடு நீலம். நான் அவளைக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுச் சமுத்திரத்தின் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ராஜபாளையம் போய்விட்டோம். மிஷினில் போட்டதும் மூச்சு கொஞ்சம் இறங்கியது. கூட இருப்பவர்களை உள்ளே விட மாட்டார்கள், இன்றைக்குப் பியூலா விட்டாள். "என்னத்தயாவது பேசிக்கிட்டே இருங்கய்யா, கண்ணை மூட விடாதீங்க." நான் படத்தை முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

பக்கத்துக் கட்டிலில் வேங்கடபதி ராஜா என்று ஒருத்தர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். எலும்பும் தோலுமாக இருந்தாலும் வேட்டி மட்டும் மடிப்புக் கலையாது. கண்ணை மூடிக் கிடந்தவர் நான் பெஞ்சை உடைத்த இடத்துக்கு வந்ததும் பேசினார்.

"அந்தக் கடைசி ரீலை நான் பாத்திருக்கேனே. எங்க ஊர்லதான் ஓடுச்சே."

பரிபூரணம் கண்ணைத் திறந்தாள். "பல்லன் என்ன ஆனான்?"

"இப்ப எனக்கு முடியலம்மா. வெள்ளிக்கிழமை வா, சொல்றேன்."

நவம்பர் 14, வெள்ளி

அவளாகவே பஸ் ஏறினாள்!

உள்ளே நுழைந்ததும் ராஜா, "ஏமம்மா, வந்துட்டியா" என்று தெலுங்கு கலந்து கேட்டார். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். கடைசிச் சண்டையில் கோட்டைப் படிக்கட்டில் பல்லன் மறுபடி செத்தானாம்.

"அதோட போய்ட்டானா?"

"எங்க போவான்? தாடி வச்சுக்கிட்டு வந்துட்டான்."

எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். ஒரு ஆயுசு முழுக்க நான் சொன்ன கதை. முடிவு அவர் கையில். இருக்கட்டும், அவள் மிஷினுக்குப் போனால் சரி.

நவம்பர் 18, செவ்வாய்

ஆள் பஞ்சத்தில் பல்லனை ரெண்டு படையிலும் நிறுத்திவிட்டார்களாம். "இந்தப் பக்கம் அவன் வெட்டுறான். அந்தப் பக்கம் அவனே விழுறான்" என்றார் ராஜா. இவள் சிரித்த சிரிப்பில் கை ஆடி மிஷின் கத்திவிட்டது. பியூலா ஓடிவந்து ரெண்டு பேரையும் திட்டினாள்.

"எல்லாரும் செத்துக் கெடக்காங்க. மைதானத்துல அவன் ஒருத்தன் மட்டும் எந்திரிக்கான்மா."

"எந்திரிச்சு?"

"வெள்ளிக்கிழமை வாம்மா. சொல்றேன்."

பஸ்ஸில் பரிபூரணம் என் தோளில் சாய்ந்து வந்தாள். "எந்திரிச்சு என்ன செஞ்சிருப்பான் மச்சான்?" என்று ஊர் வரைக்கும் கேட்டாள்.

நவம்பர் 21, வெள்ளி

அந்தக் கட்டில் காலி. புது விரிப்புப் போட்டிருந்தது.

பியூலா வாயைத் திறக்குமுன் பரிபூரணத்துக்குத் தெரிந்துவிட்டது. கையை நீட்டினாள், ஊசியைப் போட்டுக்கொண்டாள். மேற்கூரையையே பார்த்துக் கிடந்தாள்.

நவம்பர் 23, ஞாயிறு

பேச மாட்டேங்கா. சாப்பாட்டை எடுத்துட்டுப் போங்கன்னு கையால காட்டுதா. நான் பல்லன் எந்திரிச்ச இடத்துலருந்து ஆரம்பிச்சேன். "நீங்க சும்மா இருங்க மச்சான்"னுட்டா. நான் சொன்னா அது பொய்யாம், ராசா சொன்னாத்தான் நெசமாம். நான் என்ன செய்ய? எங்கிட்ட கதைய விட்டா என்ன இருக்கு? சொல்லுங்க, கேட்டுக்கிட்டு இருக்கீகள்ல, ஒரு வார்த்த சொல்லுங்களேன்.

நவம்பர் 24, திங்கள்

இன்று பேசினாள். "நாளைக்கு ராசா வீட்டுக்குத் துட்டி கேக்கப் போவோம். அப்படியே ஆஸ்பத்திரில பியூலாட்ட சொல்லிட்டு வந்துருவோம். அதோட சரி. என்னைய வற்புறுத்தாதீக."

சரி என்றேன். 

நவம்பர் 25, செவ்வாய்

இதை நிதானமாக எழுத வேண்டும். 

ராஜா வீட்டில் அவர் சம்சாரம் கீழே உட்கார்ந்திருந்தார்கள். பரிபூரணம் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். துட்டி வீட்டில், சாவு விசாரிக்கப் போன இடத்தில், என்ன பேசுவது? "உங்க வீட்டுக்காரர் அந்தக் கத்திச்சண்டைப் படத்து முடிவ சொல்லிக்கிட்டு வந்தாரும்மா. முடிக்காமப் போய்ட்டாரு" என்றாள்.

அந்த அம்மா இவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். "சினிமாவா? அவரா? இருட்டுல உக்காந்தா அவருக்கு மயக்கம் வரும். கல்யாணம் பண்ணி இத்தன வருசத்துல எங்களை ஒரு படத்துக்குக் கூட்டிட்டுப் போனதில்ல. அவரும் போனதில்ல."

பரிபூரணம் முந்தானையை எடுத்து வாயை மூடினாள். அழுகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். எனக்குத் தெரியும், அது சிரிப்பு. தோள் குலுங்குகிற விதம் வேறு. கொஞ்சம் கழித்து நிஜமாகவே அழுதாள்.

வெளியே வந்து தெருமுனை வரை நடந்தோம். "பொய் சொல்லிருக்காரு பாருங்க மச்சான். சாகக் கெடந்துக்கிட்டு, முன்னப்பின்ன தெரியாதவளுக்குப் பொய் சொல்லிருக்காரு."

ஆஸ்பத்திரியில் பியூலாவிடம் சொல்லிவிட்டு வரத்தான் உள்ளே போனாள். ராஜா கட்டிலில் புதிதாக ஒரு பெண், காளீஸ்வரி என்று பெயர், மில் வேலைக்குப் போகிறவள். முதல் தடவை. ஊசியைப் பார்த்ததும் எழுந்து செருப்பைத் தேடுகிறாள். "நான் போறேன், எனக்கு வேணாம், என்னைய விட்ருங்க." பியூலா ஒரு பக்கம் பிடிக்கிறாள், அவள் தம்பி ஒரு பக்கம்.

"ஏட்டி, உக்காரு" என்றாள் பரிபூரணம்.

அவள் நின்றுவிட்டாள். அந்தக் குரல் அப்படி.

"இது யாரு கட்டிலு தெரியுமா? ராசா படுத்த கட்டிலு. உனக்குத் தெத்துப்பல்லனத் தெரியுமா?"

"யாரு?"

இவள் தன் கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். பியூலாவைப் பார்க்காமலே கையை நீட்டினாள். "ஒருத்தன். சாகவே தெரியாதவன். படுத்துக்கோ, சொல்றேன்."

நான் கதவுக்கு வெளியே நின்றேன். எல்லாவற்றையும் தப்பாகச் சொன்னாள்! அகழியில் முங்கினதை முதலில் சொன்னாள். அது ரெண்டாவது சாவு. குதிரைக்கு நிறத்தை மாற்றினாள். அருவியை விட்டே விட்டாள். உள்ளே போய்த் திருத்தலாமா என்று எனக்குக் கால் அரித்தது. காளீஸ்வரி ஊசி ஏறியதை உணர்ந்தாளா என்றே தெரியவில்லை. அவள் தம்பிகூட சன்னல் பக்கம் வந்து நின்று கேட்டான்.

முடித்துக் கிளம்பும்போது காளீஸ்வரி தலையைத் தூக்கினாள். "பொறவு என்னாச்சுக்கா? செத்தானா, இல்லையா?"

பரிபூரணம் பஞ்சை அமுக்கிக்கொண்டே இறங்கினாள். "வெள்ளிக்கிழமை வா. சொல்றேன்."

நவம்பர் 28, வெள்ளி

வாங்க. நல்லா இருக்கீகளா? இன்றைக்கு ரொம்ப நேரம் உட்கார முடியாது.

தண்ணீர் ரெண்டு டம்ளர். வீக்கம் கொஞ்சம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மிஷினில் கை கால் இழுத்ததில் இன்னும் வலி. நேற்று இரவு ஒரு தடவை, "முடியல மச்சான்" என்றாள். ஒரு தடவைதான்.

பல்லன் மைதானத்தில் எழுந்த இடம் வரை அவள் இன்றைக்குச் சொல்லிவிடுவாள். அதற்கு அப்புறம்தான் யாரிடமும் கதை இல்லையே. அதனால் நான் உட்கார்ந்து யோசித்தேன், போஸ்டரில் மாடு தின்ற பாதியை யோசிக்கிற மாதிரி. எனக்கு இப்போது தெரிந்துவிட்டது. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், அவளிடம் பொறவு சொல்லிக்கொள்ளலாம். சுற்றிலும் எல்லாரும் விழுந்து கிடக்கிறார்கள். பல்லன் எழுந்து தூசியைத் தட்டுகிறான். தன் கத்தியைத் தேடி எடுக்கிறான், மரக்கத்திதான், நுனி வளைந்துபோனது. எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு நேரே—

"மச்சான், பஸ் சத்தம் கேக்குது. செருப்ப மாட்டிட்டு நிக்கேன், இன்னும் என்ன எழுத்து? அங்க அவ காத்துக் கெடப்பா."

ரெண்டு பேரும் இருட்டித் திரும்பி வந்தபின், இந்த ஒரு வரி. நேரே அவன்—