நாலுக்கு ரெண்டு காட்டிய உன் டிஸ்க்

உன் ஹார்ட் டிஸ்க் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு ஸ்டெல்லா கொண்டுவந்து கொடுத்தாள். உன் கம்பெனிச் சட்டையில் சுற்றி வைத்திருந்தாள். பிரித்ததும் நம் ரோலிங் மில் வாசனை, சூட்டு இரும்பும் கிரீசும் கலந்தது, குப்பென்று வந்தது. நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அந்தச் சட்டையை அவள் துவைக்கவே இல்லை என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை.

"பொண்ணு கல்யாணத்துக்கு இதுல இருக்கற வீடியோலாம் போட்டுக் காட்டணுமாம்ணா. அவங்கப்பா எடுத்ததுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கறா" என்றாள். காபியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்காமல் இன்னொன்றும் கேட்டாள்.

"கோயில்ல அவளக் கைபிடிச்சிக் கூட்டினு போக அப்பா இல்ல. சித்தப்பன் இருந்தும் இல்லாத மாதிரிதான். நீங்கதான்ணா வரணும். நீங்க வேற சாமி கும்பிடறவருன்னு பாஸ்டர்கிட்ட சொன்னேன். பரவால்லன்னுட்டாரு."

சரியென்று தலையாட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாது. அந்த இடம் யாருடையது என்று அப்போது எனக்குத் தெரியாது.

உன் தம்பி சாமு உனக்கு இந்த டிஸ்க்கைக் கொடுத்த நாள் நினைவிருக்கிறதா? வாரம் ஆறு நாள் மில்லில் கிரேன் ஓட்டுவாய். ஏழாவது நாள் காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாய். ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு காதுகுத்து, கவரப்பேட்டையில் ஒரு ஞானஸ்நானம், யார் கூப்பிட்டாலும் போவாய். எடுத்ததில் ஒன்றையும் அழிக்க மாட்டாய். "பாவம் நைனா, அவங்க தொலைச்சிட்டா நம்மகிட்ட தான வருவாங்க" என்பாய். வீட்டுக் கம்ப்யூட்டர் நிரம்பி வழிந்தது. புதுவாயலில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த சாமு, நாலு டெராபைட் டிஸ்க் ஒன்றை உனக்கென்று எடுத்து வைத்திருந்து, வாங்கின விலைக்கே கொடுத்தான். சாப்பாட்டு நேரத்தில் அதை என் அறைக்குத் தூக்கிக்கொண்டு வந்தாய். மில்லிலேயே கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான் அல்லவா!

மாட்டினேன். புது டிஸ்க்கை மாட்டினால் எந்த முறையில் அமைக்கட்டும் என்று கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்கும். பழைய முறை, புது முறை என்று இரண்டு பதில் இருக்கும். எங்கள் கம்ப்யூட்டர் பிரிவில் யாரும் அதைப் படிப்பதே இல்லை. முதல் பதிலைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். லாரி எடைமேடையில் இருந்த கிழட்டுக் கம்ப்யூட்டருக்கு அந்தப் பழைய முறை மட்டும்தான் புரியும். வேறு முறையில் அமைத்துக் கொண்டுபோனால், லாரிகளை வரிசையில் நிறுத்திவிட்டு மறுபடி அறைக்கு ஓடிவர வேண்டும். அதனால் வந்த பழக்கம். உன் டிஸ்க்குக்கும் எடைமேடைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கை தானாகத் தட்டியது.

"இன்னா நைனா, நாலுன்னான். ரெண்டுதான் காட்டுது?"

கொஞ்சம் குறைவது எல்லா டிஸ்க்கிலும் உண்டு. செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணி நாலு என்று எழுதுவார்கள், கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்துநாலாக எண்ணி மூன்றரைக்குச் சற்று மேலே காட்டும். அது எனக்குத் தெரியும். ஆனால் இது ஏறக்குறைய பாதியே காணோம். மீதி இடம் திரையில் ஒரு கறுப்புப் பட்டையாகக் கிடந்தது. எத்தனை தடவை தட்டியும் அதில் ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தேன், அங்கேயும் அதே கதை. போலி டிஸ்க்குகள் சந்தையில் திரிகின்றன என்று அந்த வாரம்தான் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"டூப்ளிகேட்டு மச்சி. உள்ள ரெண்டுதான் இருக்குது, மீதி சும்மா வேஷம். காதுல நல்லா பூ சுத்திட்டான்" என்றேன்.

கடைக்காரன் உன் தம்பி என்று தெரிந்தேதான் சொன்னேன். என் நாக்கில் சனி.

ஷிப்ட் முடிந்ததும் நேரே புதுவாயலுக்குப் போனாய். என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டாய். கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். "கூடப் பொறந்தவன் தலையிலயே கட்டறியே, நீயெல்லாம் மனுசனாடா?" என்று கத்தினாய். "டிஸ்க்கக் குடுண்ணா, பாத்துட்டு சொல்றேன்" என்று சாமு கையை நீட்டினான். நீ கொடுக்கவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்தான். "நீங்கனாச்சும் சொல்லுங்கண்ணா." நான் பெரிய மனுஷன் மாதிரி, "செக் பண்ணித்தாம்பா சொல்றேன்" என்றேன்.

அதோடு சரி. அதற்குப் பிறகு வந்த எந்தக் கிறிஸ்துமஸுக்கும் நீங்கள் இருவரும் ஒரே வீட்டில் சாப்பிடவில்லை. "உழைச்ச காசு போனா போவுது, அவன் போயிட்டான் நைனா" என்று ஒருமுறை சொன்னாய். இருக்கிற பாதியே போதும் என்று அந்த டிஸ்க்கையே வைத்துக்கொண்டாய். நெஞ்சுவலியில் நீ சாய்ந்து, அடக்கம் நடந்த அன்று சாமு வந்தான். கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். எல்லோரும் கிளம்பிய பிறகு உள்ளே போய் ஒரு பிடி மண் போட்டான். நான் பேருந்துக்குப் போகிற வழியில் பார்த்தேன். குற்றம் செய்தவனுக்கு உறுத்துகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வாரம், வீடியோக்களை எல்லாம் வேறு டிஸ்க்குக்குப் பிரதி எடுத்துவிட்டு, சும்மாதான் உன் டிஸ்க்கின் விவரத்தைத் திறந்து பார்த்தேன். பழைய முறை என்று எழுதியிருந்தது.

அந்தப் பழைய முறையில் ரெண்டு டெராபைட்டுக்கு மேல் எண்ணவே முடியாது. எவ்வளவு பெரிய டிஸ்க்கானாலும் ரெண்டோடு நின்றுவிடும். இது எனக்குத் தெரியும் மச்சி. மில்லில் புதுக் காமிராக்கள் மாட்ட வந்த மெக்கானிக் ஒருவர் சொல்லித்தான் தெரியும். முன்னாலேயே தெரிந்தவன் போல அவரிடம் தலையாட்டினேன். அன்று நீ உயிரோடு இருந்தாய். எனக்குத் தலைக்குமேல் கிரேனில் உட்கார்ந்திருந்தாய். உன் டிஸ்க் என் ஞாபகத்துக்கு வரவே இல்லை.

புது முறையில் மாற்றி அமைத்தேன். நாலும் வந்துவிட்டது. அப்போதும் என் புத்தி சாமுவை விடவில்லை, ஒருவேளை வேஷமாக இருக்குமோ என்று கடைசி மூலைவரை எழுதி, திருப்பிப் படிக்க வைத்தேன். ஒன்றரை நாள் ஓடியது. ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. உன் தம்பி கொடுத்தது அசல்.

ஸ்டெல்லாவிடம் சொன்னேன். "அவரு கடைசிவரைக்கும் அந்த ஆத்திரத்தோடயே போயிட்டாரேண்ணா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. பிறகு, "நீங்களே போயி சொல்லிடுங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

நேற்று சோழவரத்திலிருந்து இரண்டு பேருந்து மாறிப் புதுவாயலுக்குப் போனேன். உடம்பு முன்னே மாதிரி இல்லை, முட்டி பிடித்துக்கொள்கிறது. சாமுவுக்கு உன்னைப் போலவே முன்பக்கம் நரைத்திருக்கிறது. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். மன்னிப்பும் கேட்டேன். கல்யாணத்தில் பெண்ணைக் கைபிடித்துக் கூட்டிப் போக வேண்டியவன் நீதான் என்றேன். அவன் கையில் இருந்த வேலையை நிறுத்தவில்லை.

"எனக்கு அன்னிக்கே தெரியும்ணா. அஞ்சு நிமிஷ வேல."

"அப்ப ஏம்பா சொல்லல?"

"சொல்லாம? அடுத்த ஞாயித்துக்கெழம ஊட்டுக்கே போனேன். டிஸ்க்குல ஒண்ணுமில்ல, உங்காளு மாத்தி அமைச்சிட்டாரு, குடு சரி பண்ணித் தரேன்னேன். வாசல்லயே நிக்க வெச்சி இன்னா சொன்னாரு தெரியுமா? 'அவன் எனக்குத் தப்பா சொல்ல மாட்டான், நீ போ'ன்னாரு."

கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு அவனே கேட்டான். "கோயிலுக்கு எத்தினி மணிக்கு வரணும்னு அண்ணியக் கேட்டு சொல்லுங்க."

வருகிற மாதம் உன் மகள் கையைப் பிடித்துக்கொண்டு உன் தம்பி நடப்பான். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். அது சரியாகிவிட்டது. எனக்குத்தான் நேற்றிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஒரே கேட்டில் நுழைந்து ஒரே கேன்டீனில் சாப்பிட்டோம். என்னை அவ்வளவு நம்புகிறாய் என்று நீ ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், அன்று கம்ப்யூட்டர் கேட்ட அந்தக் கேள்வியை நான் படித்துப் பார்த்திருப்பேன்.