படுத்திருந்த பிறை

பிரேமன், ஜேர்மனி
06.01.2026

அன்பின் ஸுஹைறா ராத்தாவுக்கு,
அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவின் முழங்கால் வலி எப்படி?

நிலாப் பயண ஒத்திகைக்கு எங்கள் ஆறு பேரையும் தெரிந்தெடுத்துவிட்டார்கள். மாதக்கணக்கில் ஒரே கூண்டுக்குள் பூட்டி வைக்கப்போகிறார்கள். உடுப்பில் தைக்க ஒரு குழுச் சின்னம் வேண்டும். ஒவ்வொருவரின் ஊரிலிருந்தும் ஓர் அடையாளம் அதில் இருக்க வேண்டுமாம்; மற்றவர்கள் கேட்டவற்றின் பட்டியல் இதோடு வருகிறது. என் ராத்தா சித்திர ரீச்சர் என்று பெருமையடித்துவிட்டேன். மானத்தைக் காப்பாற்றுங்கள்.

தம்பி நளீம்

கல்முனைக்குடி
14.01.2026

அன்புத் தம்பிக்கு,
வஅலைக்குமுஸ்ஸலாம். உம்மாவின் வலி கூடவுமில்லை, குறையவுமில்லை. உன்னை நினைத்துத்தான் பாதி வலி என்கிறார்.

படம் இணைத்திருக்கிறேன். ஆறு நட்சத்திரங்கள் உங்கள் ஆறு பேருக்கும். மலை, காற்றாலை எல்லாம் மற்றவர்கள் கேட்டபடி. உனக்கு நம் கடற்கரைப் பிறை, தோணி மாதிரிப் படுத்தபடி. நோன்புப் பிறை பார்க்கப் போனால் நீதானே முதலில் கண்டு கத்துவாய்!

ராத்தா ஸுஹைறா

பிரேமன்
23.01.2026

அன்பின் ராத்தாவுக்கு,
படம் எல்லோருக்கும் பிடித்தது. பிறையை மட்டும் கொஞ்சம் நிமிர்த்தித் தாருங்கள். இங்கே பிறை நிமிர்ந்துதான் தெரியும். இது சோப்புக் கிண்ணமா என்று ஒருவன் கேட்டுச் சிரித்தான். சின்ன மாற்றம்தானே.

நளீம்

கல்முனைக்குடி
25.01.2026

தம்பி நளீமுக்கு,
எது சின்ன மாற்றம்? மலைக்காரனிடம் மலையைச் சரிக்கச் சொன்னார்களா? எங்கள் ஊரில் பிறை இப்படித்தான் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரவில்லையா? எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உம்மாவிடம் சொன்னேன். "எந்த வானத்தப் பாத்து வளந்த புள்ளயாம் அவன்?" என்று கேட்டார்.

நான் மாற்றமாட்டேன். அவர்களோடு கதைத்துவிட்டு எழுது.

ராத்தா

பிரேமன்
02.02.2026

ராத்தா,
கோபிக்காதீர்கள். எவ்வளவோ கதைத்துப் பார்த்தேன், கேட்கிறார்களில்லை. தைக்கிற இடத்தில் அவசரப்படுத்துகிறார்கள். தயவுசெய்து நிமிர்த்தி அனுப்புங்கள்.

நளீம்

கல்முனைக்குடி
11.02.2026

நளீம்,
உங்கள் குழுத் தலைவி நன்றி சொல்லி எனக்கே எழுதியிருக்கிறார். நல்ல மனுசி. படுத்திருந்த பிறை அவருக்குப் பிடித்திருந்ததாம். ராத்தா கவனமில்லாமல் பிறையைப் பிழையாகக் கீறிவிட்டார், திருத்தித் தருவார் என்று நீதான் சொன்னாயாம். பிழை யாருக்கும் வரும், கவலைப்பட வேண்டாம் என்று எனக்கு ஆறுதல் வேறு. வாசித்துவிட்டு அழுதேன்.

நான் அவருக்கு எதையும் மறுத்து எழுதவில்லை. அந்நியர் முன்னால் உன்னைப் பொய்யனாக்க மனம் வரவில்லை. நிமிர்த்திய படம் இதோடு வருகிறது. போட்டுக்கொள்.

நோன்பு வருகிறது. உம்மாவுக்குப் போன் எடு, அவர் காத்திருப்பார். பிறை கண்டாச்சா என்று என்னிடம் மட்டும் கேட்காதே.

ஸுஹைறா