இரண்டு பேரில் ஒருத்தி

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் எஸ்டேட்டில் சிக்னல் இல்லாததால் இதை ஜீப்பு ஓட்டும் பாண்டி அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கோபிக்காதீர்கள்.

"டெங்கு ஊருக்குப் போனா திரும்பி உள்ள விடமாட்டேன்னு மானேஜர் சொல்லிட்டாரு. ஒன் வீட்டுக்காரரு பேப்பரையே வெறிச்சுப் பாத்துக்கிட்டு இருக்காரு ஆத்தா" என்றார் அண்ணன்.

நானும் பார்த்தேன். 'போடியில் டெங்கு நூறு சதவீதம் அதிகரிப்பு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். டிவியில் கட்சிக்காரர்கள் அதை வைத்தே கத்துகிறார்கள். மொத்தம் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. புள்ளியியல் படித்தவளுக்கு மனசு ஆறுமா? இந்த ஆஸ்பத்திரி நர்சு ஜெஸ்ஸி அக்காவிடம் கேட்டேன்.

"போன வாரம் ஒருத்தரு, இந்த வாரம் ரெண்டு பேரு. இதுக்குப் போய் கொசு மருந்து அடிக்கிறவுகள எல்லாம் மந்திரி வர்ற ரோட்டுக்கு அனுப்பிட்டாக. ஒங்க தெருவுக்கு ஆளே இல்ல" என்று சிரித்துக்கொண்டே என் கையைத் திருப்பி ஊசி குத்திய இடத்தைப் பார்த்தார்.

பயப்படாதீர்கள். காய்ச்சல் இறங்கிவிட்டது, கஞ்சி குடிக்கிறேன். சாயங்காலமானால் மலைப்பக்கத்து ஜன்னலில்தான் கண் நிற்கிறது. போடிமெட்டிலிருந்து இறங்கும் ஒவ்வொரு ஜீப்பு வெளிச்சமும் நீங்கள்தான் என்று தோன்றுகிறது.

மானேஜரிடம் அந்த இரண்டைச் சொல்லிப் பாருங்கள் மாமா. நூறு சதவீதத்துக்குப் பயந்து அங்கேயே இருந்துவிடாதீர்கள். இரண்டு பேரில் ஒருத்தியைப் பார்க்க வாருங்கள்.

ஜன்னலோரக் கட்டிலில் இருந்து,
உங்கள் வீட்டுக்காரி